நீர் எந்தப் பட்டாளம்?

எமது நாட்டிலே முன்பின் அறியாத இருவர் சந்திக்கும்போது முதலில் எழுவது "எந்த ஊர்?" என்னும் வினாவாகும். அதனைத் தொடர்ந்து வருவது "ஆருடைய பிள்ளை?" என்பது. அன்பு மிகுதியால் இவ்வாறு கேட்பவர் உண்டு. ஆனால் இவ்விரு வினாக்களின் உள்ளே மூன்றாவதொரு வினா ஒளிந்து நிற்பதைப் பெரியோரும் அறிவர். வாலிபராகிய நாமும் அறிவோம். ஊரையும் தகப்பனையும் அறிந்துகொண்டால் சாதியை வாய்விட்டுக் கேட்க வேண்டிய சங்கடம் இல்லை என்பதே அதன் சூட்சுமம்.

பட்டாளத்திலே சேவை செய்து ஓய்ந்த முதியோர் இருவர் சந்திக்கும்போது நிகழ்வதோ வேறு. "நீர் எந்தப் பட்டாளம்? எங்கே நின்றீர்? எந்த வருஷம்?" என்று அவர்கள் கேட்கின்றனர். இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்ததும் அவர்கள் உறவினர் ஆகின்றனர். ஒருவர் பிறந்த குலம் மற்றவருக்குத் தேவைப்படுவதில்லை.

மகாபாரதத்தில் வரும் ஆயுதப் பரீட்சைக் காட்சியை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். கர்ணன் கற்ற வித்தையை அரங்கம் முழுவதும் கண்ணாரக் கண்டது. எனினும் அவன் அருச்சுனனோடு பொர விரும்பியபோது கிருபாசாரியார் எழுந்து, அவனுடைய குலத்தையும் பெற்றோரையும் கூறும்படி கேட்டார். அவ்வீரன் தலை கவிழ்ந்து நின்றான். பிற்காலத்தில் நேர்ந்த துன்பங்கள் பலவற்றுக்கு அந்த ஒரு வினாவே வித்தாயிற்று. கேட்கத் தகாததைக் கேட்பதால் வரும் கேடு அத்தகையது. கேட்க வேண்டியதைக் கேளாது விடுவதாலும் அத்தகைய கேடு வரும் என்பதே யான் இக்கட்டுரையிற் சொல்லப் புகும் கருத்து.

சங்கக்கடை வாங்கு

காலஞ்சென்ற எனது பேரனார் 1960களின் தொடக்கத்திலே கிளிநொச்சிப் பகுதியில் ஒரு சங்கக்கடையில் மனேச்சராக இருந்தார். இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய மக்கள் அங்கே சாமான் வாங்க வருவர். பல ஊர்களிலிருந்தும் வந்தவர்களாகையால் ஒருவரை ஒருவர் அறியாதவரே அதிகம். கடைக்கு முன்னே வேப்பமர நிழலில் ஒரு வாங்கு கிடந்தது. அதிலே ஒருநாள் தற்செயலாக இருவர் அருகருகே அமர்ந்தனர். ஒருவர் இரண்டாம் உலக யுத்தத்தின்போது இலங்கை இலகுக் காலாட்படையிற் சேர்ந்து, விமானத்தளம் ஒன்றிலே காவல் நின்றவர். மற்றவர் இளமையில் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பிக் காணி பெற்றவர். முதல்வரின் நடையைக் கண்ட இரண்டாமவர் பேச்சைத் தொடங்கினாராம்.

"நீர் பட்டாளத்திலை இருந்தனீரோ?"

"ஓம். சீ.எல்.ஐ. நீர் எந்தப் பட்டாளம்?"

"ஐ.என்.ஏ."

முதல்வர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப நீர் எங்களுக்கு எதிரிப் பட்டாளமல்லோ!" என்றார்.

"ஓம். நீர் வெள்ளைக்காரனுக்காக நிண்டனீர். நான் அவனுக்கு எதிராய் நிண்டனான்."

மீண்டும் மௌனம். கடைக்குள் நின்ற பேரனார், இனி என்ன நடக்குமோ என்று பயந்தாராம். அப்பொழுது முதல்வர் கேட்டார்: "உமக்கு மலேரியாக் காய்ச்சல் வந்ததோ?"

"வராமல்? மூண்டு தரம்!"

இருவரும் சிரித்துவிட்டனர். அன்று தொடங்கிய நட்பு அவர்களின் இறுதிக்காலம் வரை நிலைத்தது. மாலைதோறும் அந்த வாங்கிலே அமர்ந்து பிளேன்ரீ குடித்தபடி தாம் நின்ற இடங்களைப் பற்றிப் பேசுவர்.

அவர்களிடம் தாம் கண்ட மூன்று குணங்களைப் பேரனார் எமக்கு அடிக்கடி கூறுவார். முதலாவது, இத்தனை பேரைச் சுட்டேன் என்று அவர்களுள் எவரும் ஒருநாளாவது பெருமை பேசியதில்லை. இரண்டாவது, தம்முடன் நின்று திரும்பி வராதவர்களின் பெயர்களை அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லுவர். ஒருவர் சொல்ல மற்றவர் தலை அசைத்துக் கேட்பார். மூன்றாவது, அவ்விருவரும் வெவ்வேறு சாதியினர். இது ஊருக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியாமலில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தபோதிலும், வடபகுதியிலே தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் மனிதரை மனிதர் மறித்து நின்ற காலம் அது. 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் நின்றதும், அவர்களை மறித்து வேறு சிலர் நின்றதும் எமது சமயத்தவர் மறக்கலாகாத சரித்திரம். அத்தகைய காலத்திலே அந்த வாங்கில் இருவர் ஒன்றாக இருந்து தேநீர் அருந்தினர்.

பேரனார் ஒரு குறையையும் சேர்த்தே சொல்லுவார். அவர்கள் கூறிய பெயர்களை அவர் எழுதி வைக்கவில்லை. இருவரும் மறைந்தபின் அவருடைய நினைவில் எஞ்சியவை இரண்டே பெயர்கள். பேரனார் மறைந்தபின் அவையும் இல்லை.

ஒரு யுத்தம், இரு பட்டாளம்

அவ்விருவரையும் எதிர் எதிர்ப் பக்கங்களில் நிறுத்திய காலத்தைச் சிறிது நோக்குவோம்.

1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்பிரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. யுத்தம் எங்கோ தூர தேசத்தில் நடப்பது என்றிருந்த மக்கள், அது தம் வாசலுக்கு வந்துவிட்டதை உணர்ந்தனர். வன்னியும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. வவுனியாவிலே பிரித்தானிய வான்படையின் விமானத்தளம் அமைந்தது. பகைவர் கப்பல்களைத் தாக்குவதற்கென அமைந்த பியூபோட் விமானங்கள் அங்கே தங்கின. காட்டுப் பாதைகளில் மாட்டு வண்டி மாத்திரம் கண்டிருந்த கிராமத்தவர், தலைக்குமேல் அவற்றின் இரைச்சலைக் கேட்டனர்.

இலங்கை இலகுக் காலாட்படை 1881 ஏப்பிரில் 1ஆந் திகதி தொண்டர் படையாகத் தோற்றம் பெற்றது. சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாயர் எனப் பல இனத்தவரும் யுத்தகாலத்தில் இலங்கைப் படைகளிலே சேவை செய்தனர். பேரரசின்மேற் கொண்ட பக்தியால் சேர்ந்தவர் சிலர். பதவியை நாடியவர் சிலர். வீட்டு வறுமை காரணமாகச் சேர்ந்தோரும் உளர்.

அப்படைகளிற் சேர்ந்தோர் யாவரும் ஒரே மனத்தினராக இருந்தனர் என்று கொள்ளுதல் தவறு. 1942 மே 8ஆந் திகதி இரவு, இந்து சமுத்திரத்திலுள்ள கோகோஸ் தீவிலே இலங்கைக் காவற் பீரங்கிப் படையினருட் சிலர் தம் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கவுடர், ஜீ. பீ. டி சில்வா ஆகிய மூவரும் அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் வெலிக்கடைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலக யுத்தத்திலே கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரணதண்டனை பெற்ற பொதுநலவாயப் படையினர் இம்மூவர் மாத்திரமே.

இனி மற்றப் பட்டாளத்தை நோக்குவோம். சிங்கப்பூரிலே யப்பானியரிடம் சிறைப்பட்ட இந்தியப் படைவீரர் பல்லாயிரவர். அவர்களிலிருந்து 1942இல் மோகன் சிங் முதலாவது இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். யப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கினால் அஃது அவ்வாண்டு இறுதியிலே கலைந்தது. 1943 யூலை மாதத்தில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரை அடைந்தபின் இராணுவம் புத்துயிர் பெற்றது. ஒக்டோபர் 21ஆந் திகதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் சிங்கப்பூரிலே இராணி ஜான்சி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பெண்களைக் கொண்ட அப்படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கப்டன் லக்சுமி.

மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் இந்த இராணுவத்திற் சேர்ந்தனர். தமிழ்நாட்டை ஒருநாளும் கண்டறியாத தோட்டத்துப் பெண்களும், ஆங்கிலம் கற்ற குடும்பத்துப் பெண்களும் ஒரே முகாமிலே துவக்குப் பிடிக்கப் பழகினர். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். பிரித்தானிய இந்தியப் படையிலே சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்ப வெவ்வேறு சமையல் நடந்தது. போஸின் இராணுவத்திலோ யாவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. சங்கக்கடை வாங்கிலே தேநீர் அருந்திய முதியவர் இந்தப் பந்தியிலே இருந்து பழகியவர் என்பதை நினைக்கும்போது அவர் நடத்தையின் காரணம் நன்கு புலனாகின்றது.

1944இல் இம்பால், கொகிமா முனைகளிலே யப்பானியரோடு சேர்ந்து போரிட்ட அவ்விராணுவம், மழையாலும் பசியாலும் நோயாலும் மிகுந்த அழிவுக்குள்ளாகிப் பின்வாங்கியது. அந்த முனைகளிலே எதிர்ப்பக்கத்தில் நின்ற பிரித்தானிய இந்தியப் படையிலும் தமிழர் இருந்தனர். ஒரே மொழி பேசிய தாய்மாரின் பிள்ளைகள் அந்தக் காட்டின் இரு பக்கத்திலும் காய்ச்சலிற் கிடந்தனர்.

சொல்லக் கூடியவரும் சொல்ல முடியாதவரும்

யுத்தத்தில் வென்றவருக்குப் பதக்கம் உண்டு, சங்கம் உண்டு, நினைவு நாளும் உண்டு. முதலாம் உலக யுத்தத்தின் பின் 1921இல் பிரித்தானியாவிலே பழைய படைவீரருக்கெனப் 'பிரிட்டிஷ் லீஜன்' என்னும் அமைப்பு தோன்றிற்று. நவம்பர் 11ஆந் திகதியை ஒட்டிப் பொப்பிப் பூக்களை விற்று, அப்பணத்தால் ஊனமுற்றோருக்கும் விதவைகளுக்கும் உதவுவது வழக்கமாயிற்று. நான் கற்ற மிஷன் பாடசாலையிலும் அந்நாளில் இரண்டு நிமிட மௌனம் அனுட்டிக்கப்பட்டது. மண்டபச் சுவரில் யுத்தத்திலே மடிந்த பழைய மாணவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. ஒவ்வொரு காலையும் அப்பெயர்களை வாசித்தபடியே பிரார்த்தனைக்கு நின்றோம். எதிர்த்தரப்பில் நின்று மடிந்தவரும் ஏதோவொரு பாடசாலையின் பழைய மாணவரே என்ற எண்ணம் எனக்கு அக்காலத்தில் தோன்றவில்லை.

பொப்பிப் பூ இலங்கையிலும் விற்பனையாயிற்று. ஆயினும் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. இந்நாட்டுப் பழைய படைவீரர் கவனிப்பாரற்றிருந்தனர். இதனைக் கண்டு மனம் வருந்திய ஈலியன் பெரேரா என்பவர், 1931இல் அதே நாளிலே வேறொரு பூவை விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அந்தப் பூ 'சூரிய மல்'. சிங்களத்தில் இவ்வாறு வழங்குவது வேறெதுவுமன்று. எமது வேலிகளிலே நிற்கும் பூவரசம் பூவே. 1933 முதல் தென்கொழும்பு வாலிபர் சங்கத்தினர் போன்றோர் இதனைக் கையேற்று நடத்தினர். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடியபோது இவ்வியக்கத்து வாலிபர்களே மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றனர். பழைய படைவீரரின் முறைப்பாடு ஒன்றுக்குச் செவி சாய்த்த வாலிபர் கூட்டம், நாட்டுக்கே தொண்டு செய்யும் கூட்டமாயிற்று. எமது சங்கத்தவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

தோற்ற தரப்பின் கதை வேறு. 1945 யூலை 8ஆந் திகதி, மடிந்த வீரரின் நினைவாகச் சிங்கப்பூர்க் கடற்கரையிலே ஒரு நினைவுத் தூணுக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டெம்பரில் பிரித்தானியர் திரும்பி வந்ததும் அத்தூணை இடித்துத் தள்ளினர். ஐம்பது ஆண்டுகளின் பின், 1995இல், சிங்கப்பூர் அரசாங்கம் அவ்விடத்திலே ஓர் அடையாளக் கல்லை வைத்தது. இடித்தவர் வேறு, வைத்தவர் வேறு. நடுவே கழிந்த ஐம்பது ஆண்டுகளிலே எத்தனையோ தாய்மார் இறந்துபோயினர்.

1945 நவம்பரில் டெல்லிச் செங்கோட்டையிலே ஷா நவாஸ் கான், சேகல், தில்லன் என்னும் மூன்று அதிகாரிகள் விசாரிக்கப்பட்டனர். முஸ்லிம் ஒருவர், இந்து ஒருவர், சீக்கியர் ஒருவர். பொதுமக்களின் கொந்தளிப்பைக் கண்ட அரசாங்கம், குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்ட அவர்களை 1946 சனவரியில் விடுவித்தது. எனினும் சுதந்திர இந்தியாவின் படையிலே அவ்விராணுவத்தினர் மீண்டும் சேர்க்கப்படவில்லை. 1972இல் மத்திய அரசாங்கம் சுதந்திரப் போராட்ட வீரருக்கு ஓய்வூதியத் திட்டம் வகுத்தபோது அவர்களும் அதற்கு உரியவராயினர். அதற்குள் யுத்தம் முடிந்து 27 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இவ்விரு கூட்டத்தாருக்கும் அப்பால் மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. 1942-43இல் யப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாக அங்கே மடிந்தனர். காஞ்சனபுரியிலுள்ள யுத்த மயானத்திலே ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரோடும் படைப்பிரிவோடும் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறான வரிசை இல்லை. அவர்கள் எந்தப் பட்டாளத்தையும் சேர்ந்தவரல்லர். ஆதலால் "எந்தப் பட்டாளம்?" என்று கேட்பதற்கும் ஒருவருமில்லை.

வன்னியின் கல்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ளது கற்சிலைமடு. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைக் கைப்பற்றினான். அங்கிருந்த டிரிபேர்க் என்னும் அதிகாரி தோணிகளில் யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினார். பின்பு அதே டிரிபேர்க் படையோடு வந்து, 1803 ஒக்டோபர் 31ஆந் திகதி, கற்சிலைமடுவிலே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அதனைக் குறித்து அங்கே ஆங்கிலத்தில் ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றவரின் பெயரைப் பொறிக்க நாட்டிய கல், தோற்றவனின் பெயரையும் காத்துத் தந்தது. ஆயின் இரு தலைவர்க்கும் பின்னே நின்று மடிந்தவர் யாவர்? வன்னியனின் வில்லாளர் எந்தக் கிராமத்தவர்? டிரிபேர்க்குடன் வந்த சிப்பாய்கள் எந்தத் தாய்மாரின் பிள்ளைகள்? கல் அதனைக் கூறவில்லை.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு துறைகளை வகுக்கின்றது. கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. வீரனின் பெயரும் பீடும் எழுதப்பட வேண்டும் என்பது தமிழர் கொள்கை. கண்ணகிக்குக் கல் எடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வற்றாப்பளையிலே வைகாசிப் பொங்கலுக்குக் கூடுபவர்கள் நாம். இறந்தவரின் பெயரை மறவாதிருத்தல் எமக்குப் புதிதன்று.

1949 ஒக்டோபர் 10ஆந் திகதி இலங்கைத் தரைப்படை அமைந்தது. 1955இல் அதன் தளபதியான அன்ரன் முத்துக்குமாரு தமிழர். அப்பதவியை வகித்த முதலாவது இலங்கையரும் அவரே. 1959 வரை பதவியிலிருந்த அவர், பிற்காலத்தில் இலங்கையின் இராணுவ சரித்திரத்தை ஒரு நூலாகவும் எழுதினார். 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாயிற்று. அதன்பின் அப்படையிலே தமிழரின் தொகை குறைந்து, ஈற்றிலே அருகிப் போயிற்று. 1983இன் பின்னர், முன்னாளில் அப்படையிலே சேவை செய்து ஓய்வுபெற்ற தமிழ் முதியோர் தம் பதக்கங்களைப் பெட்டியின் அடியிலே வைத்து மூடினர். பேசுவதற்கு அஞ்சினர்.

1983இல் மூண்ட யுத்தம் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே முடிவுற்றது. வன்னியிலே அதன் கை படாத வீடு இல்லை. ஆயுதம் ஏந்திய பிள்ளையைப் பெற்ற வீடு, ஆயுதம் ஏந்தும்படி பிள்ளை பறிக்கப்பட்ட வீடு, ஆயுதத்தால் அழிந்த வீடு என எல்லாம் ஒரே ஒழுங்கையில் உள்ளன. ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டுப் பின்னர் வீடு திரும்பினர். திரும்பிய பின்பும் பலர் விசாரணைக்கும் கண்காணிப்புக்கும் உள்ளாயினர். கிளிநொச்சியிலே கண்டி வீதியோரம் இராணுவத்தின் வெற்றிச் சின்னம் எழுந்தது. மாவீரர் துயிலும் இல்லங்களோ இடித்து நிரவப்பட்டன. 2016 முதல் கனகபுரத்திலே மக்கள் மீண்டும் கூடி விளக்கேற்றத் தொடங்கினர். வீழ்ந்தவருக்குக் கல் இல்லாத இடத்தில் தாயார் ஒரு சுட்டியை வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அதுவே நடுகல்.

இந்த யுத்தத்தில் எவர் செய்தது சரி, எவர் செய்தது பிழை என்று தீர்ப்புக் கூற யான் இக்கட்டுரையை எழுதவில்லை. எல்லாத் தரப்பாலும் துன்புற்றோர் எம்மிடையே உளர். அவர்களுக்கு நீதி வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. யான் கூற விரும்புவது ஒன்றே. மிஷன் பாடசாலையிலே ஆண்டில் இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். மற்ற நாட்களிலே பழைய படைவீரர் தம் கதையைத் தம்மவரோடு பேசினர். எமது வன்னியிலோ ஆண்டு முழுவதும் மௌனம். காலிழந்த ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அடுத்த வளவிலே, ஒரே களத்தில் நின்ற இன்னொருவர் தோட்டம் செய்கிறார். இருவரும் மழையைப் பற்றியும் நெல்லின் விலையைப் பற்றியும் பேசுவர். "நீர் எங்கே நின்றீர்?" என்ற வினா மாத்திரம் அவர்கள் நாவில் எழுவதில்லை. கேட்பவன் யார், எதற்குக் கேட்கிறான் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த வினா விசாரணைக்காரனின் வாயிலிருந்தே பன்முறை வந்தமையால், நண்பனின் வாயிலிருந்து வரும்போதும் அது நெஞ்சைத் திடுக்கிடச் செய்கின்றது.

வாலிபர் செய்யத் தக்கது

ஒரே வினா இருவர் வாயிலே இரு பொருளாகின்றது. கிருபாசாரியார் கேட்டது ஒருவனை அரங்கிலிருந்து விலக்குவதற்கு. சங்கக்கடை வாங்கிலே முதியவர் கேட்டது ஒருவரைத் தம் அருகில் இருத்துவதற்கு. நாம் கற்க வேண்டியது இந்த இரண்டாவது முறையையே. அதனை வற்புறுத்திச் செய்யலாகாது. பேச விரும்பாதவரின் மௌனமும் மதிக்கத் தக்கதே. சொல்பவரின் சம்மதமின்றி ஒரு சொல்லையேனும் அச்சிடுதல் பெரும் பாவம். முதலில் அவர்கள் தமக்குள் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். நிழலும் வாங்கும் தேநீரும் வேண்டும். எமது சங்க மண்டபத்தின் விறாந்தையிலே இவை மூன்றும் உள்ளன.

இரண்டாவதாக, முதியோரின் நினைவைப் பேணல் வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்திற் சேவை செய்தோரை இனி நேரிற் கண்டு கேட்பது அரிது. ஆயினும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உளர். பெட்டியின் அடியிலே பதக்கம் இருக்கலாம். பழைய கடிதம் இருக்கலாம். மலாயாவிலே எடுத்த படம் ஒன்று இருக்கலாம். ஒரு கொப்பியிலே பெயர், படை, நின்ற இடம், ஆண்டு என நான்கு நிரல் கீறினால் போதுமானது. ஐந்தாவது நிரலாகச் சாதியை எழுத வேண்டியதில்லை. எந்தத் தரப்பு என்று பிரித்து வெவ்வேறு கொப்பிகள் வைக்கவும் வேண்டியதில்லை.

மூன்றாவதாக, எந்தப் பட்டாளத்தையும் சேராது மடிந்தவர்களுக்கும் அக்கொப்பியிலே இடம் வேண்டும். அவர்களின் பெயருக்கு நேரே 'படை' என்னும் நிரல் வெறுமையாக இருக்கட்டும். அந்த வெறுமை அவர்கள் யாருக்கும் எதிரியாக இருந்ததில்லை என்பதைக் காட்டும்.

இதனைச் செய்வதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. 1931இல் ஈலியன் பெரேராவுக்கு வேண்டியிருந்தது வேலியில் நின்ற ஒரு பூ. எமக்கு வேண்டியது ஒரு கொப்பி. அதனோடு கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை. சங்கத்து அன்பர்களே, எனது பேரனார் வாங்குக்கு அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டார், எழுத மறந்தார். அக்குறையை அவர் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் நம்மில் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடமிருந்து, அவர் மனமுவந்து கூறும் ஒரு பெயரையாவது எழுதி வைப்போமாயின், நமது பேரப்பிள்ளைகளுக்கு அக்குறையைச் சொல்ல நேராது.